அணைய வேண்டிய விளக்கு

ஸ்டாப்பரை இழுத்ததும் என்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அடங்கிய பிறகும் வெயிலுமுத்து அந்தக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் வேறு ஏதாவது நின்றுவிடும் போல இருந்தது. காது இரண்டிலும் சத்தம் போன இடம் காலியாக இருந்தது, அந்தக் காலியிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற சத்தங்கள் வந்து உட்கார்ந்தன. பின்னால் வரிசையாக நிற்கிற டிராக்டர்கள் ஒவ்வொன்றாக அணைகிற சத்தம், பெண்கள் பேச்சு, பூசாரியின் மணி. முன்னால் கரிசல், பலகை போட்டுத் தேய்த்த மாதிரி சமமாக, அடிவானம் வரைக்கும் ஒரு மேடு இல்லை. ஒரு சாண் மேடாவது இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது. தேடாதே என்று சொல்லிக்கொண்டார். தேடாமல் எப்படி இருக்கும், இத்தனை வருஷமாக அவர் இந்த ஊரை மேடுகளாகத்தானே தெரிந்துவைத்திருக்கிறார். ஊருணிக்கரைச் சரிவு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற செம்மண் மேடு, ரேஷன் கடைக்குப் போனால் கடைக்கு எதிரே நிறுத்தாமல் நூறடி தள்ளிப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தோளில் சுமந்து வருவது. சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கேட்டது மேடு எங்கே இருக்கிறது என்றுதான். மேட்டில் நிறுத்தினால் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, உருளவிட்டு, கிளட்சை விட்டால் வண்டி எழுந்துகொள்ளும். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் தேவையில்லை, பேட்டரி தேவையில்லை, யார் தயவும் தேவையில்லை. தெய்வம் உலகத்தைச் சாய்வாகப் படைத்திருக்கலாம். இந்தக் கரிசலை மட்டும் ஏன் இப்படி இழைத்துவைத்தது?

வருஷத்தின் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டுகிற புஞ்சை இது. சித்திரை பிறந்து நல்ல நாள் பார்த்து ஊர் வண்டிகள் எல்லாம் இங்கே கிழக்கே பார்த்து நிற்கும். பூசை முடியும்வரை ஒரு என்ஜினும் ஓடக் கூடாது, சாமிக்குச் சொல்வது சாமிக்குக் கேட்க வேண்டும். ஸ்டியரிங்கில் மஞ்சள் துணி கட்டிவிட்டால் ஓட்டுகிறவன் முதல் சால் முடியாமல் இறங்கக் கூடாது. மாடு பூட்டின காலத்தில் பிறத்தியார் மாட்டைத் தொடக் கூடாது என்று இருந்தது, இப்போது வண்டியைத் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. தொட்டுத் தள்ளின வண்டி பொன்னேர் ஆகாது. முதல் ஏர் வெயிலுமுத்துவின் வகையறாவுக்கு. அவருடைய தகப்பனுக்கும் முன்னால் இருந்தே அப்படித்தான். ஆனால் மகள் கல்யாணம் முடிந்த மறு சித்திரையில் இதே இடத்தில், இதே இருக்கையில், செல்ஃபை அழுத்தினார். டிக் என்றது. இன்னொரு முறை அழுத்தினார். டிக். ஊர் முழுக்க நிற்கிறது, குலவை போடத் தயாராக வாயைத் திறந்த பெண்கள் திறந்தபடி நிற்கிறார்கள், டிக். அவர் பொண்டாட்டியின் தம்பி, கடற்கரை என்று பேர், பக்கத்து வண்டியில் இருந்தவன், தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். அன்றிலிருந்து முதல் ஏர் அவனுக்கு. இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் வெயிலுமுத்து எழுந்து நின்று உரிமை கேட்டபோது சிரிப்பு கேட்டது, யார் சிரித்தது என்று அவருக்குத் தெரியும், ஒவ்வொரு பல்லும் தெரியும். கடைசியில் பெரியவர்கள் சொன்னார்கள், ஒரு தடவை பார்ப்போம், வண்டி ஆள் கை படாமல் கிளம்பினால் உங்கள் முதல் ஏர் உங்களுக்கு, கிளம்பாவிட்டால் இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், கடற்கரை வகையறாவுக்கே இருந்துவிட்டுப் போகட்டும். சரி என்றார். சரி என்று சொன்ன வாய்தான் இப்போது வறண்டுபோய்க் கிடக்கிறது.

மகள் கல்யாணத்தை நினைக்க வேண்டாம் என்றால் அது தானே வந்து உட்காருகிறது. சீர் வண்டி அது. பீரோ, கட்டில், பாத்திரம், மேலே ரேடியோ செட், சுற்றிலும் சீரியல் பல்ப். பழைய டைனமோ எவ்வளவு கரண்டு கொடுக்கும் என்று தெரிந்தும் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான் ஒருவன், வண்டியில் ஏறி நின்றுகொண்டு, பெண்ணுக்குத் தாய்மாமன் என்கிற முறுக்கோடு. கோயில் வாசலில் தேங்காய் உடைக்க நிறுத்தினார்கள். நிறுத்தினது அங்கேயே நின்றது. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள், புதுச் சட்டையெல்லாம் கிரீஸ். பீரோக் கண்ணாடியில் தன் முகம் குலுங்கிக் குலுங்கி வருவதை அவர் பார்த்தார். ஹார்ன் அடித்த அந்தக் கடற்கரையே இறங்கிவந்து, சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், எங்க மச்சான் வண்டி வாங்கல, தள்ளுவண்டி வாங்கியிருக்காரு என்றான். அவ்வளவுதான். ஊரில் இன்னொரு வெயிலுமுத்து இருப்பதால் அதற்கப்புறம் டீக்கடையில் எந்த வெயிலுமுத்து என்று கேட்டால் தள்ளுவண்டி வெயிலுமுத்து என்று ஆகிவிட்டது. மச்சினன் கேலி செய்தால் முறை, கோபப்பட்டால் முறை இல்லை. சிரிக்க வேண்டும். சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் தொண்டையிலிருந்து இறக்க முடியவில்லை, மீன் முள் மாதிரி. மச்சினனோடு பேச்சும் உண்டு, போக்குவரத்தும் உண்டு, தீபாவளிக்கு வேட்டியும் உண்டு. முள்ளும் உண்டு.

அந்த முள்ளை முடுக்கிவிடுவதற்கென்றே இப்போது அவன் தன் வண்டியிலிருந்து இறங்கி வருகிறான். அவன் வண்டிக்கு இன்னும் மஞ்சள் துணி கட்டவில்லை, இறங்கலாம். மடித்துக் கட்டின வேட்டி, பொன்னேருக்கென்று எடுத்த துண்டு, வெற்றிலை. அவனோடு நாலைந்து பேர். பானெட்டுக்குள் எட்டிப் பார்க்க முயன்றான். வெயிலுமுத்து வேண்டுமென்றே சாக்கைத் தொங்கவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டவுனில் எலெக்ட்ரீஷியனிடம் விட்டிருந்தால் அன்று சாயங்காலமே சேதி கடற்கரை காதுக்குப் போயிருக்கும், இருவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். கடற்கரை தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக நின்றான்.

“மச்சான், ஒரே ஒரு ஹார்ன் அடிச்சுக் காட்டுங்க. பேட்டரி உசுரோட இருக்கான்னு பாத்துக்கிறோம்.”

“பூச நடக்குது மாப்ளே.”

“அதுக்கில்ல. ஆளுகள நிறுத்தி வைக்கணுமான்னு கேக்கேன். எட்டுப் பேரு போதுமா?”

கூட வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். வெயிலுமுத்து கட்டை விரலால் ஸ்டியரிங்கில் இருந்த மஞ்சள் துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். கை ஹார்ன் பக்கம் போகப் பார்த்தது, போகவிடவில்லை. கல்யாணத்தில் ஹார்ன் அடித்தவனும் இவன், இன்று ஹார்ன் கேட்கிறவனும் இவன். உனக்கு ஹார்ன் வேண்டும், இல்லையா, கேட்பாய், பிறகு கேட்பாய்.

உள்ளே இருப்பது ஆல்டர்நேட்டர், டைனமோவுக்குப் பதிலாக, ஓடுகிற என்ஜினிலிருந்து பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுவது. ஒரு சின்ன வேனில் இருந்து கழற்றினது, கோவில்பட்டி பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பார்ப்பதற்குப் பூசணிக்காய் அளவு, டைனமோவோ புடலங்காய் மாதிரி நீளம். நீளமானது இருந்த இடத்தில் உருண்டையானதை உட்காரவைக்க ஒரு வாரம் ஆனது. மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, யார் வந்தாலும் எண்ணெய் மாற்றுகிறேன் என்று சொல்லி. பழைய டைனமோவைக் கழற்றியபோது அது இறந்துபோன நாய் மாதிரி கனத்தது. முப்பது வருஷமாக அவரைத் திண்டாடவைத்த சனியன், என்றாலும் அதைத் தரையில் போடாமல் சாக்கில் வைத்தார். அதற்கு மேலே இருந்த, கரண்டைச் சேர்த்து வெட்டுகிற கட்டவுட் பெட்டி, அதன் உள்ளே ஒட்டிக்கொள்கிற பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே அவர் நகமெல்லாம் போயிருக்கிறது. இனி அது வேண்டாம். ஒயர்களை உருவிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் இருந்த இடத்தில் விட்டார், கடற்கரை எட்டிப் பார்த்தால் பழையதுதான் என்று நினைக்கட்டும். போல்ட்டுக்கு நடுவில் தண்ணீர்க் குழாயை வெட்டித் துண்டு வைத்து, பெல்ட் ஓடுகிற மூன்று புல்லியும் ஒரே நேரில் வருகிறதா என்று சணல் கட்டிப் பார்த்து, வரவில்லை, இரண்டு வாஷர், வரவில்லை, ஒரு வாஷரை எடுத்து, வந்தது. அந்தச் சணல் மூன்று புல்லியையும் ஒரே மாதிரி தொட்டபோது கொட்டகையில் தனியாக நின்றுகொண்டு சிரித்தார். இது தொண்டையில் சிக்காத சிரிப்பு. ஒயர் விவரம் இரும்புக் கடை அருள்ராஜ் சொன்னது. வடையைக் கடித்துக்கொண்டே சொன்னான், இவர் எழுதிக்கொள்ளவில்லை, எழுத்து அவ்வளவாக வராது, விரல் விட்டு எண்ணி மனசில் முடிந்துகொண்டார். தடி ஒயர் பேட்டரிக்கு. மெல்லிசு ஒயர் ஒரு சின்ன பல்புக்கு, பல்பிலிருந்து சாவிக்கு. பல்ப் இல்லாவிட்டால் அது தூங்கிக்கொண்டேயிருக்கும், பல்ப்தான் அதை எழுப்பிவிடும். எழுந்து கரண்டு கொடுக்க ஆரம்பித்ததும் பல்ப் அணைந்துவிடும். எரிந்தால் ஆபத்து, அணைந்தால் நல்லது, மறந்துராதீங்க அண்ணாச்சி. அப்புறம் பேட்டரி. உங்க பழைய வண்டியில் பிளஸ்தான் வண்டியின் இரும்பு உடம்பில் பூட்டியிருக்கும், இதற்கு மைனஸ் உடம்பில், மாற்றிக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே கருகிவிடும். இதுதான் அவரைப் படுத்தியது. முப்பது வருஷம் கை பழகினது பிளஸ் உடம்பில். பேட்டரியைத் திருப்பி வைத்தார். பிளஸ் குமிழ் தடி, மைனஸ் குமிழ் மெலிசு, இருந்த பழைய கிளாம்ப் மைனஸில் லொடலொடத்தது, ஈயத் தகட்டைச் சுற்றிச் செருகி இறுக்கினார். சார்ஜ் காட்டுகிற மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினார். மைனஸ் உடம்பில். தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பிவந்து தொட்டுப் பார்த்தார், மைனஸ் உடம்பில். படுக்கப் போகும்முன் மறுபடியும். பொண்டாட்டி குருவம்மாள், என்ன வண்டிக்குக் காய்ச்சலா, கழுத்தில் கை வச்சுக் கை வச்சுப் பாக்கீக என்று கேட்டாள்.

அது சரி. மைனஸ் சரி. இன்று காலையில் ஒரே அழுத்தில் வண்டி எழுந்தது, பல்ப் அணைந்தது, அவர் சட்டைக்குள் ரோமம் சிலிர்த்தது. பேட்டரி டவுன் கடையில் சார்ஜ் போட்டு வந்தது, அதனால் எழுந்தது என்பது பெரிதில்லை, பல்ப் அணைந்ததுதான் பெரிது. ஆனால் வருகிற வழியில் ஓடைப் பாலத்தில் அந்தச் சிவப்பு ஒரு தரம் மினுங்கியது. அங்கேதான் மனசு போய்ப் போய் இடிக்கிறது. மினுங்கினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட் வழுக்கினால் இறுக்குகிற நட்டு தளர்ந்திருக்கிறது. அந்த நட்டை இறுக்கினேனா? கடப்பாரையை நெம்பிப் பூசணிக்காயை வெளியே தள்ளிப் பெல்ட்டை விறைப்பாக்கினது ஞாபகம் இருக்கிறது. ஸ்பேனரைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது குருவம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பு ஞாபகம் இருக்கிறது, முருங்கைக்காய். நடுவில் இருக்கிற அந்தக் கை ஞாபகம் இல்லை. இறங்கிப் பார்க்கலாம் என்றால் மஞ்சள் துணி. இறங்கினால் முதல் ஏர் அங்கேயே போயிற்று. குனிந்து பார்த்தால் சாக்குதான் தெரிகிறது. நானே தொங்கவிட்ட சாக்கு. பூசாரி தேங்காயை எடுத்துவிட்டான். பெல்ட் தளர்ந்திருந்தால் வருகிற வழி முழுக்க ஆல்டர்நேட்டர் சும்மா சுற்றியிருக்கும், பேட்டரியும் காலையில் கிளப்பினதோடு இறங்கிப்போயிருக்கும். டிக். அந்தச் சத்தத்தை யாரும் போடாமலேயே அவர் காது கேட்டது. டிக். எட்டுப் பேரு போதுமா. வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தபோது உப்பு பட்டு வலது கை முட்டி எரிந்தது. பார்த்தார். நடுவிரல் முட்டியில் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இது எப்படி வந்தது? நேற்றுச் சோற்றில் கை வைத்தபோது குழம்பு பட்டு எரிந்ததே. அப்படியானால் சாப்பாட்டுக்கு முன்னால் வந்த காயம். ஸ்பேனர் நழுவி, முட்டி போய் ரேடியேட்டர் மடிப்பில் இடித்தது. ஸ்பேனர் எப்போது நழுவும்? நட்டு இறுகி, இனி நகர மாட்டேன் என்று நிற்கும்போதுதான் நழுவும். தளர்ந்த நட்டில் எவனுக்கும் கை உரியாது. இறுக்கியிருக்கிறேன். எந்த அளவுக்கு இறுக்கியிருக்கிறேன் என்றால் தோல் போகிற அளவுக்கு. பிறகு பாலத்தில் ஏன் மினுங்கியது? பாலத்தில் ஆட்டுக்கிடை குறுக்கே வந்தது, கிளட்சை மிதித்து வேகத்தை அடியோடு குறைத்தேன். என்ஜினுக்கு வேகம் இல்லாவிட்டால் ஆல்டர்நேட்டருக்குக் கண் சொக்கும், அவ்வளவுதான். அவர் அந்த முட்டியை வாயில் வைத்து உறிஞ்சினார். உப்பும் கிரீஸும் இரும்பும். இவ்வளவு ருசியாக எதையும் அவர் சமீபத்தில் தின்றதில்லை.

பெண்கள் கூட்டத்தில் குருவம்மாள் முளைக்கட்டின தானியக் கூடையோடு முன்வரிசையில் நின்றாள். அவள் பக்கத்தில் நின்றவர்களிடம் வண்டியைக் காட்டி என்னவோ சொன்னாள், அவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதுதான் கொஞ்சம் சங்கடம். நாலு நாளைக்கு முன்னால், மீட்டருக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு அந்தச் சிவப்பு மூடி பல்பை மாட்டும்போது அவள் வந்து, இது என்ன என்று கேட்டாள். ஆல்டர்நேட்டர் என்று சொன்னால் சாயங்காலம் அவள் தம்பி காதுக்குப் போய்விடும். சாமி விளக்கு என்று சொல்லிவைத்தார். அவள் குங்குமம் வைத்துவிட்டாள். இன்று காலையில் சாவியைப் போட்டதும் அது சிவப்பாக எரிவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வண்டி கிளம்புமுன்னே பெண்களோடு நடந்து வந்துவிட்டாள். அது எரிவதைத்தான் பார்த்திருக்கிறாள்.

தேங்காய் உடைந்தது. சூடம் காட்டினார்கள். பெரியவர் ஒருவர் கிழக்கே பார்த்துத் தானியத்தை வீசி, கையை உயர்த்தினார். வெயிலுமுத்து சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது. முன்வரிசையில் கைகள் குவிந்தன, சாமி விளக்கு, சாமி விளக்கு. தகப்பன் பெயரைச் சொல்லாமல், எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லாமல், அருள்ராஜின் பாதி தின்ற வடை ஏனோ கண்ணுக்குள் வர, செல்ஃபை அழுத்தினார். டிக் இல்லை. உர்ரென்று ஒரே மூச்சில் சுற்றி, கறுப்பாக ஒரு கொத்துப் புகையைக் கக்கி வண்டி எழுந்தது. குலவை கிளம்பியது, இத்தனை வருஷமாகத் திறந்த வாய்களெல்லாம் இன்றுதான் சத்தம் போடுகிற மாதிரி. ஆனால் சிவப்பு அணையவில்லை. ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது, அவர் அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அணை. ஏன் எரிகிறாய்? அணைந்து தொலை. இத்தனை பேர் கும்பிடுகிற விளக்கை ஒருவன் மட்டும் அணைந்துபோ என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். பாலம். ஆடு. வேகம். அவர் கையைத் திராட்டிலில் வைத்து மெல்ல இழுத்தார், என்ஜின் குரலை உயர்த்தியது, சிவப்பு ஒரு தரம் தடுமாறி, சட்டென்று அணைந்தது.

குலவை பாதியில் அறுந்தது. கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று இல்லாமல்போன இடத்தில், ஐயோ விளக்கு என்று குருவம்மாளின் குரல் மட்டும் கேட்டது. பூசாரி தட்டோடு நின்றுவிட்டான். பொன்னேர் நாளில் சாமி விளக்கு நின்றுபோனால் அந்த வருஷம் வெள்ளாமை என்ன ஆகும் என்று ஒவ்வொரு முகமும் கேட்டது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடற்கரை முன்னால் வந்து, குரலில் துக்கத்தைப் பூசிக்கொண்டு, தெய்வமே வேண்டாம்னு சொல்லுது மச்சான், எறங்கீருங்க என்றான். வெயிலுமுத்து அவர்கள் எல்லோரையும் பார்த்தார். இவ்வளவு சோகமான முகங்களுக்கு நடுவில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் இருந்திருக்க மாட்டான்.

“அது சாமி விளக்கு இல்ல, மாப்ளே. பேட்டரிக்குப் பசிக்குதுன்னு சொல்ற விளக்கு. வயிறு ரொம்பிருச்சு, வாய மூடிக்கிருச்சு.”

சொல்லிவிட்டு முன்விளக்கு இரண்டையும் போட்டார். முன்பெல்லாம் கருவாடு நிறத்தில் ஒன்று எரியும், என்ஜின் சோர்ந்தால் அதுவும் சேர்ந்து சோர்ந்துபோகும். இன்று பட்டப்பகல் வெயிலில், முன்னால் நின்ற கடற்கரை கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டான். அப்புறம் ஹார்ன். அவன் ஒன்று கேட்டான், அவர் கைக்கு நிறுத்த மனசு வரவில்லை. ஹார்ன் அடித்தும் முன்விளக்கு மங்கவில்லை, மீட்டர் முள் நிமிர்ந்து நின்றது, சிவப்பு திரும்ப எரியவில்லை. பெரியவர் சிரிப்பை மறைக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கையை அசைத்தார், போ என்று. கலப்பை இறங்கியது. குருவம்மாள் எதற்கென்று புரியாவிட்டாலும் குலவையைத் திரும்ப எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சால் நேராக விழுந்தது. கறுப்பு மண் புரண்டு புரண்டு பளபளத்தது, பின்னால் கொக்கு வந்து இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு வண்டியும் அவர் சாலுக்குப் பின்னால் வருகிறது, அவனுடையதும். சரி, முடிந்தது, இனி மன்னித்துவிடலாமா என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கேள்வி எழுந்தது. அவர் அதை நன்றாகப் பார்த்தார். நல்ல கேள்விதான். ஆனால் ஆல்டர்நேட்டரை மாட்டினது யார்? நான். என்னை மாட்டவைத்தது யார்? அந்த முள். அது இல்லாவிட்டால் இன்னும் மேடு தேடிக்கொண்டு திரிந்திருப்பேன். இருக்கட்டும். இன்னும் டிரெய்லர் பிரேக் பாக்கி இருக்கிறது, அதற்கும் அந்த முள் ஆகும்.

புஞ்சையின் மறுகோடியில் முதல் சால் முடிந்தது. கலப்பையைத் தூக்கினார். மஞ்சள் துணிக் கட்டுப்பாடு இனி இல்லை. திரும்பி அடுத்த சாலுக்குப் போக வேண்டும், மற்ற வண்டிகளும் முதல் சாலை முடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் உழுதுகொண்டிருந்தன. சுற்றிலும் பார்த்தார். தட்டையான கரிசல். எந்தப் பக்கமும் ஒரு சாண் சரிவு கிடையாது. அவர் ஸ்டாப்பரைப் பிடித்து, ஒரு யோசனையும் இல்லாதவர் மாதிரி இழுத்தார். வண்டி நின்றது. முன்பு பயந்த அதே காலியிடம் காதுக்குள் வந்து உட்கார்ந்தது, இந்த முறை அதில் சாய்ந்து உட்காரலாம் போல இருந்தது. தூரத்தில் ஒரு கூச்சல். கடற்கரை தன் வண்டியைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறான், கையை ஆட்டி ஆட்டி ஆள் சேர்க்கிறான், அவன் பின்னால் நாலு பேர், ஆறு பேர். முகமெல்லாம் பல். நின்னுபோச்சு, நின்னுபோச்சு என்கிறது காற்றில் வருகிறது. உழுத மண்ணில் கால் புதைந்து புதைந்து ஓடுகிறார்கள். வெயிலுமுத்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், மடித்து வாயில் வைத்தார். வந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள், போதும். கடற்கரை மூச்சு வாங்க வந்து, இரண்டு கையையும் விரித்து மட்கார்டின் மேல் வைக்கப் போனான். வைக்கட்டும் என்று காத்திருந்தார். உள்ளங்கை சுடுகிற தகரத்தில் பட்ட நேரம், சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது.

“தள்ளட்டுமா மச்சான்?”

வெயிலுமுத்து அவனைப் பார்த்து முறையாக, மச்சினனைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய முறைப்படி, வாய் நிறையச் சிரித்தார். செல்ஃபை அழுத்தினார். புகை அவர்கள் எட்டுப் பேரின் மேலும் சமமாக இறங்கியது. திராட்டிலை இழுத்தார், விளக்கு அணைந்தது.